விளையாட்டில் வேடமும் ஆடையும்

புதுச்சத்திரம்

மரவள்ளிக் கிழங்கின் விலையும், கோழிப்பண்ணைக்காரரின் கடனும், ஏரிகளின் வறட்சியும் கண்முன் நிற்கையில், கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் சித்திரப் பெண் என்ன உடுத்தினால் நமக்கென்ன என்று நேயர்களில் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடையை நம் சரித்திரம் தருகிறது. இன்று கன்னியாகுமரி ஜில்லாவாயிருக்கும் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், நாடார் குலப் பெண்கள் தம் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் அவமானமும் பட்டனர். 1859-ஆம் ஆண்டில் மகாராஜாவின் பிரகடனம் அவ்வுரிமையை அளித்தது. அப்போதும் உயர்ந்த ஜாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையை ஒட்டவைத்தே அளித்தது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தியடிகள் சட்டையைத் துறந்து அரைத்துணி உடுத்தியதை ஏகாதிபத்தியம் எவ்வளவு கூர்ந்து நோக்கிற்று என்பதும் நாமறிந்ததே. உடையை அற்ப விஷயமென்று எண்ணுவோர், அதை இழந்தவரையோ மறுக்கப்பட்டவரையோ கேட்டறிந்தவரல்லர்.

இனி விஷயத்திற்கு வருவோம். வீடியோ விளையாட்டுகளிலே பந்தாட்டம், ஓட்டப் பந்தயம், துப்பாக்கிச் சண்டை எனப் பல வகையுண்டு. அவற்றுள் ஒரு வகையை வேட விளையாட்டு என்று நாம் அழைக்கலாம். இதில் ஆடுபவர் முதற்கண் ஒரு பாத்திரத்தைத் தாமே படைத்துக்கொள்ள வேண்டும். பெயர், குலம், உருவம், தொழில், ஆயுதம், ஆடை யாவும் தேர்ந்தெடுத்த பின்னரே கதை தொடங்கும். பிறகு ஐம்பது மணி நேரம், நூறு மணி நேரம் அந்தப் பாத்திரமாகவே ஆடுபவர் உலவுகிறார், பேசுகிறார், நட்பும் பகையும் கொள்கிறார். சதுரங்கக் காயைத் தள்ளுவதுபோல் இதைத் தள்ளிவிட முடியாது. காய்க்கு நம் முகமில்லை, இப்பாத்திரத்திற்கு உண்டு. ஆகவேதான், பெண்ணாக ஆட விரும்பும் ஒருத்திக்கு என்ன உருவமும் என்ன உடையும் கிடைக்கின்றன என்ற கேள்வி, அவளுக்கு அந்த உலகத்தில் இடமுண்டா என்ற கேள்வியாகவே முடிகிறது.

வேடமென்பது நமக்குப் புதிதன்று. சேலம், நாமக்கல் சமவெளியிலே கோயில் திருவிழாவை ஒட்டிக் கூத்து நடக்கும். இரவிலே மத்தளமும் முகவீணையும் முழங்கத் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்வரை ஓயாது. பகலெல்லாம் காட்டு வேலை செய்தவர் அரிதாரம் பூசி, சேலை உடுத்தி, திரௌபதியாக வந்து நிற்பார். துச்சாதனன் துகிலைப் பற்றும் கட்டத்தில், எதிரே அமர்ந்திருக்கும் கிழவியர் உண்மையாகவே கண்ணீர் விடுவர். அது ஆணுடல் என்பதை அறியாதவரா அவர்கள்? நன்கறிவர். வேடம் கட்டியவரின் உடலைக் கூத்து பொருட்படுத்துவதில்லை, வேடத்தையே பொருட்படுத்துகிறது. நிற்க. அந்தக் கதையையே சிறிது ஊன்றிப் பாருங்கள். ஓர் ஆட்டத்திலே பெண்ணைப் பணயம் வைத்தார்கள். ஆட்டத்தின் விதி என்று சொல்லியே அவள் ஆடையில் கைவைத்தார்கள். தன்னைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று அவள் சபையைக் கேட்டாள். எந்த நியாயஸ்தலத்திலும் எடுபடக்கூடிய ஆட்சேபம் அது. பெரியோர் நிறைந்த சபை பதில் சொல்லாமல் தலை கவிழ்ந்தது. அதையே பாஞ்சாலி சபதமாக்கி, 1912-இல் அதன் முதற் பாகத்தைப் பாரதியார் வெளியிட்டபோது, தேசத்தார் அதில் வேறொரு துகிலுரிதலையும் கண்டார்கள்.

ஆயினும் நம் மேடையைப் புகழ்ந்தே போய்விடுதல் நேர்மையாகாது. பெண்ணின் வேடத்தை அது இருகரம் நீட்டி ஏற்றது. பெண்ணை ஏற்க மறுத்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடக சபைகளில் சிறுவர்களே ஸ்திரீபார்ட் போட்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற சிவாஜி கணேசனும் சிறுவயதில் சீதையாக மேடையேறியவரே. டி. கே. சண்முகம் கிழவி வேடத்தில் சிறந்து 'அவ்வை' என்ற பட்டத்தையே பெயரோடு சேர்த்துக்கொண்டார். பெண்கள் மெள்ள மெள்ளத்தான் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் பெண் வேடத்தோடு நிற்கவுமில்லை. நம் காவிரிக் கரைக் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்திலே நந்தனாராகவே நடித்தார். எம். எஸ். சுப்புலட்சுமி 1941-இல் சாவித்திரி படத்தில் நாரதரானார். அதனால் உலகம் கவிழ்ந்துவிடவில்லை; ஜனங்கள் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

மேலைநாட்டு வேட விளையாட்டுக்கு இந்த உதாரத்துவம் தொடக்கத்தில் இல்லை. அதன் மூலம் கம்ப்யூட்டரிலன்று, காகிதத்திலும் பகடையிலும் தோன்றியது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பதே ஆதி நூல். 1978-இல் அதன் விரிந்த பதிப்பிற்கு வெளியான ஆட்டக்காரர் கையேட்டிலே ஒரு விதி உண்டு. மனித குலத்து வீரனின் புஜபலம் பதினெட்டைத் தொட்டபின் அதற்குமேல் நூறு படிகள் ஏறலாம். வீராங்கனையோ ஐம்பதாம் படியோடு நின்றுவிட வேண்டும். இயற்கையை ஒட்டிய விதி என்று இதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அந்தோ, எந்த உலகத்தின் இயற்கை! அங்கே பறவை நாகங்கள் தீயைக் கக்குகின்றன. மந்திரம் ஜபித்தவன் உள்ளங்கையிலிருந்து அக்கினிக் கோளத்தை எறிகிறான். செத்தவன் எழுந்து நடக்கிறான். இவ்வளவையும் நம்பத் தயாராயிருந்தவர்களுக்கு, ஒரு பெண்ணின் தோள்வலிமை ஒன்றுமட்டும் நம்பக்கூடாததாய்ப் போயிற்று. சட்டப் புத்தகங்களோடு பழகியவர் எவரும் இதன் லட்சணத்தை உடனே அறிவர். நடுநிலையென்று எழுதப்படும் விதியில், எழுதியவரின் வீட்டு வழக்கம் ஒளிந்துகொள்ளும். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலே இவ்விதி நீக்கப்பட்டது. நீங்கியதால் ஆட்டம் கெட்டதென்று யாரும் நிரூபித்ததாய்த் தெரியவில்லை.

விதி நீங்கினும் உடை நீங்கவில்லை. 'வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்' என்னும் விளையாட்டு 2004-இல் வெளிவந்து உலகெங்கும் பெரும்புகழ் பெற்றது. அதிலுள்ள சில கவசங்களை ஆண் பாத்திரத்திற்கு அணிவித்தால் கழுத்துமுதல் கால்வரை இரும்பாயிருக்கும். அதே கவசத்தை, அதே பெயரும் அதே காப்புவலிமையும் உடையதைப் பெண் பாத்திரத்திற்கு அணிவித்தால் வயிறும் தொடையும் வெளியே தெரியும். அம்பு வந்து தைக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைக் காப்பதற்கு எந்தக் கொல்லன் கவசம் அடிப்பான்? அதற்கும் முந்தையது 1986-இல் ஜப்பானில் வெளிவந்த 'மெட்ராய்டு'. அது சரியான வேட விளையாட்டன்றாயினும் இங்கே குறிப்பிடத் தக்கது. முழுக்கவசம் பூண்டு பகைவரை வென்ற வீரர் ஒரு பெண் என்பது ஆட்டத்தின் முடிவில்தான் வெளிப்படும். நல்ல கற்பனைதான். ஆனால் எவ்வளவு விரைவாக ஆடி முடிக்கிறாரோ அவ்வளவுக்கு அவ்வளவு குறைந்த ஆடையில் அவளைக் காணலாம் என்பதே ஆட்டக்காரருக்கு வைத்த பரிசு. ஆட்டம் முழுதும் அவளாகவே இருந்து போராடியவரைக் கடைசி நொடியில் வெளியே இழுத்து நிறுத்தி, அவளை வேடிக்கை பார்க்கச் செய்கிறார்கள். சபையிலே துகிலைப் பற்றிய கை வேறு, இக்கை வேறு என்று நமக்குத் தோன்றவில்லை.

வாங்குவோர் ஆண்கள், அவர்கள் விரும்புவதை விற்கிறோம் என்பது வியாபாரிகளின் வாதம். இளம்பிள்ளைக் கடைவீதியிலே ஒருவர் வேஷ்டியைமட்டும் தொங்கவிட்டுக் கொண்டு, பெண்கள் என் கடைப்படி ஏறுவதேயில்லை என்று சொன்னால் அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். பெண்கள் ஆடாமலுமில்லை. பலர் ஆண்பெயர் சூட்டிக்கொண்டும், ஒலிவாங்கியை அடைத்துக் குரல் காட்டாமலும் ஆடுகிறார்கள். பெண்ணென்று தெரிந்த மறுகணம் வரும் வசைக்கு அஞ்சியே அவ்வாறு செய்கிறார்கள். விளையாட்டுகளில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை ஆராய்ந்து 2013 முதல் தொடராக வெளியிட்ட அனிதா சர்க்கீசியன் என்னும் அம்மையார், 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சர்வகலாசாலை ஒன்றில் பேசவிருந்தார். பேசினால் கூட்டத்தோடு சுட்டுக் கொல்வோம் என்று மிரட்டல் வந்தது. சபைக்குள் துப்பாக்கி கொண்டுவருவதை அம்மாநிலச் சட்டத்தின்படி தடுக்கவியலாது என்றதால், பிரசங்கம் நடவாமற் போயிற்று. வெறும் விளையாட்டு என்போர் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

மற்றொரு சாராரும் நம்மிடையே உளர். பெண் பாத்திரங்களுக்கெல்லாம் அடக்கமாக ஆடை உடுத்திவிட்டால் தகராறு தீர்ந்தது என்பது இவர்கள் கட்சி. நாம் இக்கட்சியைச் சேர்ந்தவரல்லோம். திற என்பதும் கட்டளை, மூடு என்பதும் கட்டளை. இரண்டையும் இடுபவர் ஒருவரே. ஒருத்தி தன் பாத்திரத்திற்கு அரசியின் பட்டை உடுத்தலாம், நாடோடியின் கந்தையை உடுத்தலாம், மனமிருந்தால் அரையாடையும் உடுத்தலாம். அப்படியே ஓர் ஆடவர் தம் பாத்திரத்திற்குப் பாவாடை கட்டிப் பூச்சூட்ட விரும்பினால், அது ஆண்மைக்கு அடாது என்று தடுப்பானேன்? திரௌபதி வேடம் கட்டி ஆடியவர் மறுநாள் காலை மீசையை முறுக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறாரே, அவருக்கு என்ன குறைந்துவிட்டது? வேடம் ஏற்பவரே உடையைத் தேர்வாராக என்பதுதான் நம் கோரிக்கை. இதற்குமேலும் இல்லை, கீழுமில்லை.

இக்கோரிக்கை ஆகாயத் தாமரையன்று. 1983-இலேயே 'அல்டிமா' என்னும் விளையாட்டின் மூன்றாம் பாகம், பாத்திரம் ஆணா, பெண்ணா, வேறா என்று மூன்று வழிகளைத் திறந்து வைத்தது. 2016-இல் 'சிம்ஸ்' விளையாட்டின் நான்காம் பாகத்தில், எழுநூற்றுக்கு மேற்பட்ட உடை, சிகை முதலியவற்றிற்கு இருந்த ஆண்பெண் வேலி எடுக்கப்பட்டது. 2023-இல் உலகின் பரிசுகளை வாரிக்கொண்ட 'பால்டர்ஸ் கேட்' மூன்றாம் பாகத்திலே உடல், குரல், பிறர் தம்மை அழைக்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். நம் தேசமோ சட்டத்தில் இவர்களுக்குச் சளைத்ததன்று. திருநங்கையருக்கென நலவாரியத்தைத் தமிழ்நாடு 2008-இல் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, நீதிபதிகள் ராதாகிருஷ்ணன், சிக்ரி ஆகியோர் வாயிலாக வழங்கிய தீர்ப்பை வழக்கறிஞரல்லாதாரும் படித்தல் நலம். ஒருவர் தம் பாலை உடையாலும் சொல்லாலும் செயலாலும் வெளிப்படுத்துதல், அரசியல் சட்டத்தின் 19-ஆம் விதி காக்கும் பேச்சுரிமையைச் சேர்ந்தது என்று அத்தீர்ப்பு கூறுகிறது. தெருவில் நடக்கும் மெய்யான பிரஜைக்குள்ள உரிமை, திரையிலே அவர் படைக்கும் பாத்திரத்திற்குமட்டும் ஏன் இல்லாமற் போக வேண்டும்?

நம்மவரும் விளையாட்டுகள் இயற்றத் தொடங்கிவிட்டனர். புனாவிலிருந்து 2020-இல் வந்த 'ராஜி', அசுரர் கவர்ந்துபோன தம்பியை மீட்கப் புறப்படும் ஒரு சிறுமியின் கதை. கனடாவின் டொராண்டோ நகரத்துத் தமிழர் முன்னின்று 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', சேலை உடுத்திய ஒரு தாயைக் கதாநாயகியாக்கி அடுக்களையையே களமாக்கிற்று. மறு ஆண்டில் பிரிட்டிஷ் அகாடமியின் பரிசையும் பெற்றது. இட்டிலி ஊற்றும் பெண் உலகத்தார் கையில் பாத்திரமாக முடியுமென்று அதற்குமுன் யார் நினைத்தார்கள்? ஆனால் போர்க்களத்துப் பெண் என்றவுடன் நம் சித்திரக்காரரிற் பலர் இன்னும் அந்நியரின் அரைக்கவசத்தையே நகல் எடுக்கிறார்கள். சுதேசிப் பேச்சு இவ்விடத்தில் எங்கே ஒளிந்துகொள்கிறதோ!

அவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் ரஸ்தாவில் புதுச்சத்திரத்தருகே இறங்கி, விடிந்ததும் காட்டுப் பக்கம் நடந்தால் போதும். மூத்த பெண்டிரில் சிலர் இன்றும் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டுகிறார்கள். வரப்புத் தாண்டவும் பரண் ஏறவும் அதைவிட வசதியான கட்டு இல்லை. இளையவர்களோ சேலைக்குமேல் புருஷனுடையதோ பிள்ளையுடையதோ ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டி, பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையிலே துண்டைச் சுற்றிக்கொண்டு, மரவள்ளிக் குச்சி கையைக் கீறாமல் கிழங்கு பிடுங்குகிறார்கள். அது ஆண் உடையாயிற்றே என்று எந்த மாமியாரும் கேட்டதில்லை, எந்தக் கோயில் பூசாரியும் தடுத்ததில்லை. வெயிலுக்கும் முள்ளுக்கும் எது தாங்குமோ அதை அவர்களே எடுத்து உடுத்திக்கொண்டார்கள். வேலு நாச்சியாரின் படையைத் திரையில் எழுதப் போகும் சித்திரக்காரர் எவரேனும் இருப்பின், காகிதமும் பென்சிலுமாக ஒரு முற்பகல் அந்த வரப்பில் வந்து உட்காரட்டும்.