வாடகைச் சென்ட்ரிங்கும் மலைக்குளிரும்

கான்கிரீட் கூரை வார்க்கப்படும் வீட்டில், அன்று கண்ணிற் படும் தளவாடங்களுட் பெரும்பகுதி வீட்டுக்காரருக்குச் சொந்தமானதன்று. ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் இரும்புத் தகடுகள், முட்டுக் கம்புகள், திருகு ஜாக்கிகள் ஆகியவற்றைச் சென்ட்ரிங் என வழங்குவர். இவை வாடகைக்கு வந்து, சில நாள் நின்று, அடுத்த வீட்டிற்குச் சென்றுவிடுகின்றன.

பொருளை விற்காமல் அதன் பயனை மட்டும் விற்கும் இம்முறையை வட்டப் பொருளாதாரத்தின் ஓர் அங்கமாக அறிஞர் கருதுகின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டு வால்ட்டர் ஸ்டாகெல் என்பார் 1976 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையத்திற்கு அளித்த அறிக்கையில் இக்கருத்தின் வித்துக் காணப்படுகிறது. நம் நாட்டுச் சென்ட்ரிங்காரரோ அவ்வறிக்கையைக் காணாமலே இதனைக் கையாண்டு வருகின்றனர். விற்பவனுக்குப் பொருள் விரைவில் கெட்டால் இலாபம். வாடகைக்கு விடுபவனுக்கு அது நெடுநாள் உழைத்தால் இலாபம். ஆகவேதான் தகடுகளுக்கு எண்ணெய் பூசுவதும், வளைந்த ஓரங்களைத் தட்டி நிமிர்த்துவதும் அவனுக்கு இயல்பாகின்றன.

எனினும் இம்முறையில் ஓர் அபாயம் உண்டு. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவிலுள்ள வட்டவடை போன்ற மலையூர்களில் அது பெரிதாகிறது.

சிமெண்டு நீருடன் இரசாயன மாறுதலடைந்தே இறுகுகிறது. குளிரில் அம்மாறுதல் தாமதமாக நிகழும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாள்களுக்கு முன் எடுத்தலாகாது என இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 (2000) கூறுகிறது. அதற்கு மேற்பட்ட அகலமாயின் 14 நாள்கள். ஆனால் இக்கணக்கு சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்கும், 15 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பநிலைக்குமே பொருந்தும். வட்டவடையில் குளிர்கால இரவுகள் இவ்வெல்லைக்குக் கீழே செல்கின்றன. இன்று கடைகளில் மிகுதியாக விற்கப்படும் சாம்பற் கலப்புச் சிமெண்டும் மெதுவாகவே வலுப்பெறுவது.

தாமதம் எவ்வளவு என்பதை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே காட்டலாம். நர்ஸ், சால் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் 1949–51 இல் வகுத்த விதிப்படி, சராசரி வெப்பநிலையோடு 10 கூட்டி நாள்களாற் பெருக்க வேண்டும். 20 டிகிரியில் 7 நாள் என்பது 30 × 7 = 210. 10 டிகிரியில் அதே 210 ஐ எட்ட, 20 ஆல் வகுத்தால், பத்தரை நாள்கள் ஆகும். இது மதிப்பீடே, முடிவு கூற வேண்டியவர் பொறியாளர்.

மூன்றரை நாள் கூடுதல் என்பது நாள்வாடகை கொடுப்பவருக்குச் சிறிய தொகையன்று. மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் மலைப்பாதையில் வந்த வண்டிக்கூலியும் முன்னரே கையைக் கடித்திருக்கும். ஆகவே வீட்டுக்காரர் முட்டுகளை விரைவில் எடுக்கச் சொல்வார். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் இவ்வாசை நீங்கிவிடும் என எண்ணலாம். நீங்குவதில்லை, அது சென்ட்ரிங்காரரிடம் இடம் மாறுகிறது, அவ்வளவே. அவருக்கு அடுத்த வேலைக்குத் தகடு வேண்டுமே! இரு வழியிலும் முற்றாத கான்கிரீட்டே பாரத்தைச் சுமக்கிறது. தளம் தொய்யலாம், வெடிக்கலாம். கீழே ஆள் நிற்கும்போது இடிந்தும் விழலாம்.

இதற்கு ஒரு வழி அதே தரவிதியில் அடங்கியுள்ளது. தளத்தின் அடித்தகடுகளை, முட்டுகளை உடனே திரும்ப நிறுத்துவதாயின், 3 நாள்களில் எடுக்கலாம் என்கிறது அது. குளிருக்கேற்ப இதனையும் நீட்டவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் விலையுயர்ந்த தகடுகள் முதலில் விடுபடுகின்றன. மலிவான முட்டுகளே நெடுநாள் நிற்கின்றன. முட்டுகளையேனும் ஊரிலேயே பொதுவில் வைத்துக்கொண்டால் நாள்வாடகையின் நெருக்கடி பெரிதும் தளரும். நிலத்தடி நீரைக் குறைக்கின்றன என்று உழவர் குறைகூறும் கிராண்டிஸ் மரங்கள் வட்டவடையைச் சூழ வளர்ந்துள்ளன. வெட்டப்படுபவற்றுள் நேரான கம்புகளை இதற்கெனத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றைத் தரையிற் படாமல், நிழலில், காற்றோட்டமாக அடுக்க வேண்டும். பிளவுபட்ட கம்பு அடுப்பிற்கே உரியது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முட்டு எடுக்கும் நாளை வாடகைச் சீட்டிலேயே எழுதச் செய்தல் வேண்டும். வார்ப்பு நாள் முதல், தளத்தின் அருகே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலையிலும் மாலையிலும் அளவு குறித்து வருதல் வேண்டும்.