கறுப்புக் காளானை ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள்



சீனக் கடையில் காய்ந்த சருகு மாதிரி கறுப்பாகச் சுருண்டு பாக்கெட்டில் இருக்குமே, அதைப் பற்றித்தான் இந்த முறை பேசப் போகிறோம். மலாய்க்காரர்கள் இதைச் 'செண்டாவான் தெலிங்கா கெரா', அதாவது குரங்குக் காதுக் காளான் என்பார்கள். சீனர்கள் வைத்த பெயரும் 'மரக்காது'தான். தண்ணீரில் போட்டால் காது மடல் போலவே விரிந்துவிடும். நம் வீடுகளிலும் இஞ்சி தட்டிப் போட்டுக் கோழியோடு அவிக்கிறோம், மீகூன் பிரட்டலில் சேர்க்கிறோம். நல்ல உணவுதான். காய்ந்த காளான் 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. மலச்சிக்கலுக்கு நல்லது.

ஆபத்து காளானில் இல்லை. ஊறப்போடும் சட்டியில் இருக்கிறது.

விடியற்காலை பெரட்டுக்குப் போகிறவர்கள் ராத்திரியே காளானை ஊறப்போட்டு மூடிவிட்டு, மறுநாள் மத்தியானம் வந்து சமைப்பதுண்டு. "நல்லா ஊறட்டுமே, என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்பீர்கள். மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமி, நம் ஊர்ச் சூட்டில், ஊறிக் கிடக்கும் காளானில் பெருகி 'போங்கிரேக் அமிலம்' என்ற விஷத்தை உண்டாக்கக்கூடும். அதற்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. முறிவு மருந்தும் கிடையாது. ஈரல், மூளை, சிறுநீரகம் மூன்றையும் தாக்கும்.

ஜாவாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்த 'தெம்பே போங்கிரேக்' என்ற உணவால் பலர் இறந்தார்கள். அந்தப் பெயர்தான் விஷத்துக்கும் வந்தது. 1988இல் இந்தோனேசியா அதைத் தடை செய்தது. சீனாவில் 2020 அக்டோபரில், புளிக்கவைத்த சோள மாவு மீயில் இதே விஷம் ஏறி 9 பேர் மாண்டார்கள். நாள் கணக்கில் ஊறிய கறுப்புக் காளானைத் தின்று விஷம் ஏறியவர்களும் அங்கே உண்டு.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. சமைக்கும் அன்றைக்கே ஊறப்போடுங்கள். சுடுதண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும்.

2. அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். மீந்ததை ஐஸ்பெட்டியில் நாள் கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள்.

3. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். 2020இல் அமெரிக்காவில் காய்ந்த மரக்காதுக் காளானில் சால்மோனெல்லா கிருமி இருந்து 55 பேருக்கு நோய் கண்டது.

4. ராத்திரி முழுக்க வெளியில் ஊறியது என்றால், காசைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

செத்த பால்மரக் கட்டையிலும் இது முளைக்கும். அதைப் பார்த்து வேறு காளானையும் பிடுங்கி வந்துவிடாதீர்கள். புல் மருந்து அடித்த இடத்தில் முளைத்தது எதுவானாலும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். "இது ரத்தத்தை இளக்கும்" என்று சீன வைத்தியத்தில் சொல்வார்கள். 1980இல் டேல் ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தக் காளானைச் சாப்பிட்டால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலை மந்தமாவதைக் கண்டு எழுதினார். வார்ஃபரின், அஸ்பிரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், பல் பிடுங்கவோ அறுவைக்கோ போகிறவர்களும் இதை அளவுக்கு மீறித் தின்ன வேண்டாம், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். காளான் சூப்பை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது பெரிய தவறு.

சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், உடல் சோர்வு, கண் மஞ்சளாவது ஏதாவது கண்டால் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். ஒருநாள் சம்பளம் போகுமே என்றும் பார்க்காதீர்கள். நடு ராத்திரியானாலும் டிரசரை எழுப்புங்கள், எஸ்டேட் வண்டியைக் கேளுங்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சச் சாப்பாட்டையும் ஒரு டப்பாவில் கொண்டு போங்கள். அதே சட்டியில் சாப்பிட்டவர்கள் எல்லோரும், உடம்பு நன்றாக இருந்தாலும், கூடவே போய்க் காட்டுங்கள்.