தளப்பெயரும் உரிமையும்

திருப்பூரில் தைக்கப்படும் பனியனின் கழுத்துப் பகுதியில் சிறு லேபிள் ஒன்று இருக்கும். அதிலுள்ள பெயரை நம்பியே பலர் ஆடை வாங்குகின்றனர். அப்பெயரைப் பிறர் கவராவண்ணம் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் காக்கிறது. இணையத்தில் கடை விரிப்போரின் தளப்பெயரை எது காக்கும்?

சென்னையில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரெழுத்துகளிலிருந்து 'சிஃபி' என்னும் புதுச்சொல்லைப் படைத்து, 1999இல் 'சிஃபிநெட்' முதலிய தளப்பெயர்களைப் பதிவு செய்தது. 2001இல் வேறொரு நிறுவனம் அவற்றையொத்த பெயர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநிறுத்தியது.

தளப்பெயருக்கெனத் தனிச்சட்டம் அப்போது இந்தியாவில் இல்லை. எனினும், தளப்பெயர் வெறும் முகவரியன்று. அது வணிகரை அடையாளம் காட்டுவது. ஒத்த பெயர் வாங்குவோரை மயங்கச் செய்யும். எனவே, வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு அதற்கும் பொருந்தும் என நீதிமன்றம் விளக்கியது.

உழைப்பால் ஈட்டிய நற்பெயர் துணியில் இருப்பினும் திரையில் இருப்பினும் உரியவருக்கே சொந்தம். நாளை தொழில் தொடங்கும் மாணவர், தாம் விரும்பும் பெயர் பிறருடையதா என முதலில் ஆராய்தல் வேண்டும்.