முட்டிக்குக் கீழே ஒரு கீறல்

கெடா மாநிலத் தோட்டங்களில் லயத்து மக்கள் வளர்த்தவை பெரும்பாலும் மாடும் ஆடும்தான். குதிரை என்பது துரைமார் ஏறிவந்த விலங்காகவும், 1864இல் தொடங்கப்பெற்ற பினாங்குப் பந்தயக் கழகத்தின் திடலில் ஓடிய விலங்காகவுமே அவர்களுக்கு அறிமுகம். இன்று லங்காவியின் சவாரிக் கொட்டில் போன்ற இடங்களில், மாடு மேய்த்துப் பழகிய கைக்குக் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தால், மாட்டுக்குச் செய்த வைத்தியத்தையே அதற்கும் செய்யத் தோன்றும். கால் காயத்தைப் பொறுத்தவரை அது தவறாகிவிடும்.

குதிரையின் முட்டிக்குக் கீழே சதை கிடையாது; எலும்பு, தசைநாண், அவற்றை இறுகப் போர்த்திய தோல், இவ்வளவே. இரத்த ஓட்டம் குறைந்த அவ்விடத்தில் புதுத் தோல் ஒரு நாளைக்கு 0.1 மில்லிமீட்டர் அளவே வளர்வதாலும், ஒவ்வோர் அடியிலும் காயத்தின் விளிம்புகள் இழுபடுவதாலும், தோல் மூடுவதற்குள் சிவந்த சதை மேலெழுந்து புடைத்துவிடுகிறது. பழைய வைத்திய நூல்கள் துன்மாமிசம் என்று குறிப்பிடுவது இத்தகைய வளர்ச்சியைத்தான். மட்டக்குதிரைகளுக்கு இத்தொல்லை குறைவு.

முள்கம்பி கீறிய சிறு காயமாயினும் முதல் மருந்து தண்ணீரே. ஒருவர் கயிற்றைப் பிடித்துத் தலைப்பக்கம் நிற்க, மற்றவர் மண்டியிடாமல் பக்கவாட்டில் குந்தி, குழாய்நீரை மெல்லிய அழுத்தத்தில் சுமார் பத்து நிமிடம் ஓடவிட்டால் மண்ணும் சாணமும் பெருமளவு போய்விடும். அடுத்து, நீரில் கரையும் பசைக்கூழைக் காயத்தின்மேல் அப்பிவிட்டுச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்தால், வெட்டுண்ட மயிர் கூழில் ஒட்டிக்கொண்டு கழுவும்போது அதனுடனே வெளியேறும். கூழின்றிக் கத்தரித்தால் மயிர் புண்ணுக்குள் விழும். இறுதியாக, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்து ஊசிக்குழலால் பீய்ச்ச வேண்டும். கிருமிநாசினி தேவையெனில் போவிடோன் அயோடினை நீர்த்த தே ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்துக்கு வரும்வரை கலந்தால் போதும். அடர்த்தியாக ஊற்றினால் கிருமியோடு புதுச் செல்களும் மடியும். நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அவ்வாறே. மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய், மஞ்சள்பொடி ஆகியவற்றைப் புண்ணுக்குள் இடும் பழக்கத்தைக் கைவிடுவதே நல்லது.

கழுவிய பின் புண்ணில் ஒட்டாத துணி, பஞ்சு, மீள்கட்டு என மூன்று அடுக்காகச் சுற்றி, ஓரிரு நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். பஞ்சு குறைந்து கட்டு இறுகினால் தசைநாணே கெடும். கட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: அது புண்ணில் ஈ அமராமல் காக்கும். தென்கிழக்காசியா எங்கும் உள்ள திருகுப்புழு ஈ, உண்ணி கடித்த அளவான புண்ணின் விளிம்பில்கூட நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஒரு நாளுக்குள் பொரியும் புழுக்கள் அழுகலை அன்று, உயிருள்ள சதையையே தின்று உள்ளே துளைக்கும். அந்த ஈயை ஒழிக்க, மலட்டு ஈக்களை வளர்க்கும் முன்னோடிக் கூடம் ஜொகூரின் குளுவாங்கில் அமைந்தது என்பதிலிருந்து அதன் கொடுமையை ஊகிக்கலாம்.

சிறிய காயம் என்று கண்ணுக்குத் தோன்றுவதெல்லாம் சிறியதன்று. செம்பனை மட்டையின் முள் ஊசிமுனை அளவே துளையிட்டாலும், அது மூட்டுக்கருகில் இருந்தாலோ, குதிரை நொண்டினாலோ, மஞ்சள் நிறத்தில் பிசுபிசுத்த நீர் கசிந்தாலோ, சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். ரணஜன்னி என்னும் டெட்டனஸ் நோய்க்கு வளர்ப்பு விலங்குகளில் குதிரையைப் போல் எளிதில் இரையாவது வேறில்லை. அதன் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் வாழ்கிறது, ஆழமான சிறு துளையில்தான் நன்கு பெருகுகிறது. தடுப்பூசி போட்ட நாள் நினைவில்லையெனில், காயம் எவ்வளவு சிறிதாயினும் அன்றே மருத்துவரை அழைத்துவிடுங்கள்.