வெயில் ஊரில் ஒரு குட்டித் தொப்பி

"என்னக்கா, நம்ம ராஜபாளையத்து வெயிலுக்கு ஸ்வெட்டரா பின்னப் போறீங்க?" என்று அடுத்த வீட்டுப் பெண் சிரித்தாள். ஐம்பது வயதில் பின்னல் ஊசியும் கையுமாக உட்கார்ந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஆனால் என் அவசரம் எனக்கு.

மகளுக்கு எட்டாம் மாதமே பிரசவமாகிவிட்டது. பேத்தியின் எடை 1 கிலோ 900 கிராம். பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைந்தாலே எடை குறைவு என்பார்கள். நர்ஸம்மா குழந்தையைத் தாயின் நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி அணைத்துக் கட்டினார். 'கங்காரு முறை' என்று பெயர். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. "தலை வழியா சூடு போயிடும்மா, பருத்தித் தொப்பி கொண்டாங்க" என்றார். கடையில் வாங்கிய தொப்பியோ பிள்ளையின் மூக்கு வரை இறங்கியது!

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் பின்னல் தெரியும். பஸ் ஏறினால் 12 கிலோமீட்டர்தான். நூற்பாலை ஊரில் நூலுக்கா பஞ்சம் என்று, தறி நூலையே வாங்கிப் போனேன். "இது நெசவுக்கு ஆகும், ஊசிக்கு நிக்காதும்மா" என்று, பல இழை முறுக்கிய பருத்தி நூலைக் கையில் கொடுத்தார். 4 மில்லிமீட்டர் ஊசி, 20 கண்ணி. பத்து வரிசையில் 20 கண்ணி 27 ஆகிவிட்டது!

பெரியம்மா சிரிக்கவில்லை. "வரிசை திருப்புறப்போ நூலை ஊசிக்கு மேல போடுறே. முதல் கண்ணி ரெண்டாத் தெரியுது, ரெண்டையும் பின்னிடுறே. நூலைக் கீழே இழுத்து, அடிவழியாப் பின்னுக்குக் கொண்டு போ. வரிசைக்கு வரிசை எண்ணு. ஆண்டாள் கைக்கிளியை தினமும் இலையால புதுசா செய்றாங்களே, அவங்களுக்கும் முதல் கிளி கோணலாத்தான் வந்திருக்கும்!"

புதிதாகப் பழகும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது: பருத்தி நூல் கம்பளிபோல நீளாது, இறுக்கிப் பின்னினால் விரல்தான் வலிக்கும். முதலில் ஒரு சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். எனக்கு 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்தது. தொப்பியின் சுற்றளவு, தலைச் சுற்றளவைவிட 2, 3 செ.மீ. குறைவாக இருக்கட்டும். 28 செ.மீ.க்கு 56 கண்ணி போட்டு, இரண்டு பிளெய்ன், இரண்டு பர்ல் என்று மாறி மாறிப் பின்னினால் துணி இழுத்துக் கொடுக்கும். 14 செ.மீ. உயரம் வந்ததும் நூலை வெட்டி, எல்லாக் கண்ணிகளிலும் கோத்து இறுக்கிச் சுருக்குங்கள். பக்கவாட்டைத் தைத்தால் தொப்பி தயார். குஞ்சமும் ரிப்பனும் வேண்டவே வேண்டாம்; பிள்ளை வாயில் போகும், கழுத்தில் சுற்றும்.

இன்னொன்று. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு, நம் வெயிலில், வீட்டுக்குள் எந்நேரமும் தொப்பி தேவையில்லை. பிடரி வியர்த்தால் உடனே கழற்றிவிடுங்கள். டாக்டர் சொன்னால் ஒழிய, தொப்பியோடு தூங்கவைக்காதீர்கள்.

நாலாம் நாள் தொப்பி முடிந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். ஆனால் பேத்தி தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது! வீட்டுக்கு வந்த பிறகும், 2.5 கிலோ தாண்டும்வரை மகள் அவளை நெஞ்சிலேயே வைத்திருந்தாள். நான் அடுத்த தொப்பியைப் பின்னினேன்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். கோணல் தொப்பி அவள் பொம்மையின் தலையில். சிரித்த அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். நேற்று வந்து, "அக்கா, எனக்கும் கத்துக் குடுங்களேன்" என்றாள். 20 கண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறேன்!