திரெமோலா: கல் பாவிய பழைய மலைச்சாலையில் சைக்கிள்

சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில், கோத்தார்டு கணவாய்க்கு ஏறும் பழைய சாலையின் பெயர் திரெமோலா. சைக்கிளில் மலையேற ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பெயரை அடிக்கடி கேட்டிருப்பார்கள். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

அவ்வளவு பெயர்போன கணவாயில் சாலை எப்படி அமைதியாக இருக்கிறது?

வண்டிகளுக்கு வேறு வழிகள் வந்துவிட்டன. 1882-இல் மலைக்கு அடியில் 15 கி.மீ. ரயில் சுரங்கம் திறந்தார்கள். 1980-இல் கிட்டத்தட்ட 17 கி.மீ. நீளச் சாலைச் சுரங்கம் வந்தது. மலைக்கு மேலேயே போக விரும்பும் கார்களுக்கும் அகலமான புதுச் சாலை ஒன்று இருக்கிறது. 1830 வாக்கில் போட்ட பழைய சாலைக்கு மிஞ்சியவர்கள் சைக்கிள்காரர்களும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களும்தான். கோடை வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள்கள் வரும். வார நாளில் காலையிலேயே கிளம்பினால் அந்தச் சத்தமும் குறைவு.

எவ்வளவு ஏற வேண்டும்?

அடிவாரத்தில் உள்ள ஐரோலோ ஊர் 1,175 மீட்டர் உயரம். கணவாய் 2,106 மீட்டர். நடுவே சுமார் 13 கி.மீ. அதாவது நூறு மீட்டர் போனால் சராசரியாக ஏழு மீட்டர் ஏறுகிறீர்கள். மேல் பாதியில்தான் புகழ்பெற்ற 24 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றன் தலைமேல் ஒன்றாக. பழகிய காலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். புதியவர்கள் இரண்டரை மணி ஒதுக்குங்கள்.

கல் பாவிய சாலையா? என் சைக்கிள் தாங்குமா?

தாங்கும். ஆனால் டயரைக் கவனியுங்கள். கையகலக் கருங்கற்களை வில் வில்லாக அடுக்கிப் பாவியிருக்கிறார்கள். ஒவ்வொரு இடுக்கும் ஹேண்டில்பார் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். 28 மில்லிமீட்டர் அல்லது அதைவிட அகலமான டயர் போட்டு, வழக்கத்தைவிடக் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் அதிர்வு பாதியாகத் தெரியும். ரொம்பவும் குறைத்தால் கல் விளிம்பில் இடித்து டியூப் பஞ்சராகும்.

பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் (மிதிப்பை இலகுவாக்கும் கியர்) இருக்கட்டும். கல்லில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் பிடி விட்டுப்போகும். உட்கார்ந்தே மிதிக்க அந்தக் கியர்தான் கைகொடுக்கும்.

மழை வந்தால்?

ஏறுவதில் பெரிய ஆபத்தில்லை. இறங்குவதுதான் வினை. நனைந்த கருங்கல் வழுக்கும். வளைவில் பிரேக் பிடித்தால் சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். அதைவிட நல்ல யோசனை, இந்தச் சாலையில் ஏற மட்டும் செய்வது.

அப்படியானால் எப்படித் திரும்புவது?

மறுபக்கம் இறங்குங்கள். வடக்கே ஹொஸ்பென்டால் வழியாக ஆண்டர்மாட் ஊருக்குத் தார்ச்சாலை போகிறது. ஆனால் அங்கே கார்களும் உண்டு. ஆண்டர்மாட்டிலிருந்து கோஷெனென் வரை சிறிய மலை ரயில். அங்கே ரயில் மாறினால், அந்த 1882 சுரங்கம் வழியாக ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் ஐரோலோ. சைக்கிளுக்கும் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வையுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

குளிர்காலம் முழுக்கப் பனி மூடிச் சாலை அடைத்திருக்கும். பெரும்பாலும் மே இறுதி அல்லது ஜூனில் திறந்து, இலையுதிர் காலத்தில் மூடுவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிக்கெட் போடுமுன் சாலை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோடையில்கூடக் குளிருமா?

குளிரும். ஐரோலோவைவிட மேலே ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும், காற்று வேறு அடிக்கும். ஏறும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும்; அதோடு இறங்கினால் விரல் விறைத்து, பிரேக் பிடிக்கவே வராது. காற்றுத் தடுப்புச் சட்டை, முழுவிரல் கையுறை இரண்டையும் முதுகுப் பையில் திணித்துக்கொள்ளுங்கள். கணவாயில் விடுதியும் உணவகமும் உண்டு. சூடாக ஏதாவது குடித்து, உலர்ந்த பனியனுக்கு மாறிய பிறகு இறங்குங்கள்.