கழலை குலவழி வருமா?

"தாய்க்குக் கழுத்திலே கழலை, மகளுக்கும் வரும்." சம்பந்தம் பேசுமிடத்தில் இவ்வொரு சொல் விழுந்தால், பொருந்திய சாதகமும் பொருந்தாமற் போய்விடும். இதற்கு அஞ்சியே சில வீடுகளில் நோயை ஒளிக்கின்றனர். ஒளிப்பதற்காக வைத்தியரிடம் போகாமலும் விடுகின்றனர். அச்சொல்லில் உண்மை எவ்வளவு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அது சுரக்கும் தைரொக்சின் என்னும் ஓமோனே உடலின் வேகத்தை ஆள்கிறது. அதனை ஆக்குவதற்கு அயடீன் வேண்டும். அயடீன் போதாவிடில் சுரப்பி பருத்துக் கழலையாகும்.

சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் ஒரு காலத்திற் பாட்டனுக்கும் தந்தைக்கும் பேரனுக்கும் கழலை இருந்தது. காண்போர் அதனைக் குலநோய் என எண்ணியதில் வியப்பில்லை. 1922 ஆம் ஆண்டில் அங்கே உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கினர். அதன்பின் பிறந்த பிள்ளைகளிடம் கழலை அருகிப் போயிற்று. இரத்தமோ அதே இரத்தந்தான்! நம் நாட்டிலும் தென்மேற்கு ஈரவலயத்திலே கழலை மிகுந்திருந்தது. 1995 ஆம் ஆண்டு தொடக்கம் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. ஒரு வீட்டார் இரத்தத்தை மட்டுமா பங்கிடுகின்றனர்? கிணற்றையும் உப்புச் சட்டியையும் அன்றோ பங்கிடுகின்றனர்!

ஆயினும் இரத்தத்துக்குப் பங்கே இல்லையென நாம் கூறவில்லை. 1896 இல் பென்றெட் என்னும் ஆங்கில வைத்தியர், பிறவியிலேயே செவிப்புலன் இழந்து கழலையும் கொண்ட சகோதரியர் இருவரைப் பற்றி எழுதினார். அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தாற் தோன்றும் அரிய நோய். சொந்தத்துள் மணமுடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்கள் வெளிப்பட இடம் அதிகம்.

இன்று பரவலாகக் காணப்படுவது வேறு. உடலைக் காக்க வேண்டிய தற்காப்புச் சத்தியே சுரப்பியைத் தாக்குகிறது. சுரப்பு குன்றினால் அது 1912 இல் யப்பானிய வைத்தியர் அசிமோட்டோ விவரித்த நோய். மிகுந்தால் 1835 இல் அயர்லாந்தின் கிரேவ்ஸ் விவரித்த நோய். தாய்க்கு ஒன்றும் மகளுக்கு மற்றதும் வருதல் உண்டு. பெண்களையே இவை அதிகம் பற்றுகின்றன. ஆனால் பிள்ளைக்கு வருவது நோயன்று, நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மையே. டென்மார்க்கில் இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்குக் கிரேவ்சின் நோய் இருந்தால், மற்றவருக்கும் அது வந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கே. தனித்தனிக் கருவான இரட்டையரிலோ அது மிகச் சிலருக்கே வந்தது.

எனவே தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் இருப்பின், மகள் அஞ்சவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். காரணமில்லாத சோர்வு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மாதவிலக்குக் குழப்பம் என்பன தோன்றினால், குடும்பத்தில் உள்ளதை வைத்தியரிடம் கூறி இரத்தத்தைச் சோதிப்பித்தல் போதும். குறைந்த சுரப்பைத் தினமும் ஒரு மாத்திரை ஈடுசெய்யும்.

மாமியார் காணக்கூடாதென்று அந்த மாத்திரையை நிறுத்திவிடும் புதுமணப் பெண்ணை நினைத்தே நாம் கவலைப்படுகிறோம். கருவிலிருக்கும் சிசுவுக்கு முதல் மூன்று மாதமும் சொந்தச் சுரப்பி தொழிற்படாது; அதன் மூளை வளர்வது தாயின் தைரொக்சினைக் கொண்டே. கருவுற்றதை அறிந்தவுடன் வைத்தியர் பெரும்பாலும் மருந்தின் அளவைக் கூட்டுவார். ஆகவே நாள் தள்ளிப்போனவுடனேயே, மாத்திரையை நிறுத்தாமல், அவரிடம் செல்ல வேண்டும். கணவனும் உடன் செல்வது நன்று.